பதினாலாம் பக்கத்தில் கூறியபடி

மூன்று விடைத்தாள்களையும் மிஸ்டர் ஸாபோ மேசையில் அருகருகே வைத்தார். இடதுபக்கம் என்னுடையது. நடுவில் யோகாக்காவுடையது. வலதுபக்கம் நேசன் அண்ணையுடையது. பிறகு சிவப்புப் பேனையின் மூடியால் மூன்று தாளிலும் ஒரே இடத்தைத் தட்டிக் காட்டினார்.

மூன்றிலும் ஒரே வசனம். 'பதினாலாம் பக்கத்தில் கூறியபடி, பேரரசுக்குள் வந்த பிற மதத்தவர் தங்கள் வீடுகளில் தொடர்ந்து வாழ அனுமதிக்கப்பட்டனர்.'

"எந்தப் புத்தகத்தின் பதினாலாம் பக்கம்?" என்று கேட்டார்.

எங்கள் மூவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நேசன் அண்ணை என்னைப் பார்த்தார். யோகாக்கா கூரையைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தில் குவித்து வைத்திருந்த அழுக்குப் பனியைப் பார்த்தேன்.

நான் வாங்கிய முதல் பனிச்சப்பாத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "சப்பாத்து வாங்கினீர்கள், சரி. அதைப் போட்டுக்கொண்டு எங்கே போனீர்கள்?" என்று கேட்கிறார். இங்கேதான் ஐயா போனேன். கள்ளி என்ற பெயரோடு ஒரு வாத்தியாரின் மேசைக்கு முன்னால் நிற்பதற்கு.

ஒரே ஒரு கிரெடிட்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோ பக்கம், வயது வந்தவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் மூவரும் உலக வரலாறு படித்தோம். முன்பு அது ஏதோ தொழிற்சாலையாக இருந்ததாம். தரைக்குப் பூசும் மெழுகின் வாசம் எப்போதும் வரும். ஹீற்றர் ஒரு வகுப்பில் வியர்க்க வைக்கும், அடுத்த வகுப்பில் பல்லைக் கிட்ட வைக்கும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கிரெடிட், ஒரு பாடத்தில் பாசான சான்று. நூலக வேலைக்கான படிப்புக்குக் கல்லூரி ஒன்று எனக்கு இடம் தந்திருந்தது. ஊரில் நான் எடுத்த ஏ.எல். என்ற உயர்தரச் சோதனையின் பெறுபேற்றை முக்கால்வாசிதான் ஒத்துக்கொண்டார்கள். மிச்சத்துக்கு இங்கே ஒரு பாடம் சித்தியடைந்து, அந்த மாத முடிவுக்குள் தாளை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் காலுறைத் தொழிற்சாலைக்கே திரும்பிவிட வேண்டியதுதான். அங்கே பதினாறு மாதமாகக் காலுறைகளுக்குச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். கனவிலும் ஒற்றைக் காலுறைதான் வரும்.

யோகாக்கா டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளராகச் சேர ஆசை. நேசன் அண்ணைக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பின்னேர வேலை. காலையில் தன் பழைய காரில் எங்களை ஏற்றிக்கொண்டு வகுப்புக்கு வருவார். காரின் ஹீற்றர் அவருடைய காலுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

இறுதிச் சோதனைக்கு வரக்கூடிய தலைப்புகளை மிஸ்டர் ஸாபோ முன்கூட்டியே பலகையில் எழுதிப்போட்டார். மூன்று இருந்தன. இரண்டாவது: உதுமானிய, சஃபாவிய, முகலாயப் பேரரசுகளின் எழுச்சியும் பரவலும்.

எனக்கு வாயெல்லாம் பல். "யோகாக்கா, உதுக்கு என்னட்டை நோட்ஸ் கிடக்கு," என்றேன்.

"மெய்யே? எங்கையடி?"

"பெட்டிக்குள்ளை. ஊரிலையிருந்து கொண்டந்தது."

பாடமாக்கின கதை

சனிக்கிழமை மத்தியானம் யோகாக்காவின் குசினி மேசையில் கூடினோம். நான் தமிழில் வாசிக்க, அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு மூவரும் ஆங்கிலமாக்கினோம்.

நல்ல நோட்ஸ் அது. இன்றைக்கும் சொல்வேன். அனத்தோலியாவில் ஒரு சின்னக் கூட்டமாக இருந்த துருக்கியர் எப்படி மூன்று கண்டத்துக்குப் பரவினார்கள், ஈரானில் இஸ்மாயில் எப்படி ஷியா மார்க்கத்தை அரசின் மார்க்கமாக்கினான், காபூலிலிருந்து இறங்கிய பாபர் எப்படித் தன்னைவிடப் பெரிய படையைப் பானிபட்டில் பீரங்கி வைத்து உடைத்தான், பிடித்த நாட்டை ஆளக் கணக்கர்களும் காணி கொடுத்து வைத்த பிரபுக்களும் எப்படி வேண்டியிருந்தார்கள் என்றெல்லாம் ஒன்றுக்குள் இருந்து ஒன்று வருவது மாதிரி எழுதியிருந்தது. மூன்று அரசும் ஒன்றையொன்று எப்படி முறைத்துக்கொண்டிருந்தன என்பதும் இருந்தது.

நேசன் அண்ணைக்குப் பீரங்கிதான் பிடித்தது. "தங்கச்சி, கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் பீரங்கியை மாடு கட்டி இழுத்தவையெண்டு கிடக்கு. எத்தினை மாடு?"

"அறுபது, அண்ணை."

"அறுபதோ! எங்கடை வெயர்ஹவுசிலை நாலு பேருக்கு ஒரு தள்ளுவண்டிதான் தந்திருக்கிறாங்கள். பேரரசு கட்டுறவன் கட்டுவான்தானே."

"அண்ணை, கதையை விட்டிட்டு எழுதுங்கோ," என்று யோகாக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆங்கிலமாக்கி முடிந்ததும் பாடமாக்கத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களூரில் சோதனை என்றால் நல்ல விடை ஒன்றைத் தேடிப்பிடித்து, கால்புள்ளி அரைப்புள்ளியோடு மண்டைக்குள் ஏற்றி, மண்டபத்தில் போய் இறக்கி வைப்பது. ஒரு சொல் மாறினால் புள்ளி போய்விடும் என்று பயப்படுவோம். சொந்தமாக எழுதுவது படிக்காத பிள்ளையின் வேலை.

யோகாக்கா தாள்களைக் குளிர்சாதனப் பெட்டியிலும் குளியலறைக் கண்ணாடியிலும் ஒட்டினார். நேசன் அண்ணை தன் குரலிலேயே கசெற்றில் பதிந்து, பிறம்ரன் போகவர ஒரு மணித்தியாலம் கேட்டார். நான் காலுறைகளுக்குச் சோடி சேர்த்தபடி வாய்க்குள் சொன்னேன்.

பதினாலாம் பக்கம் என்று ஒரு வசனத்தில் வருகிறதே, அது எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மந்திரம் சொல்கிற ஐயர் நடுவில் நிறுத்தி யோசிப்பாரா? சோதனையில் அந்தத் தலைப்பே வந்தது. மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்து, தலை நிமிராமல், ஒரே விடையை எழுதிவிட்டு வந்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் பெரிய சந்தோஷம்.

நஸீரா

இப்போது அந்த நோட்ஸ் இருந்த கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது என்னுடைய கொப்பி அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் என்னோடு ஏ.எல். வரலாறு படித்த நஸீராவுடையது. முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் அவளுடைய வீடு. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம். முன்வாங்குக்காரி, வாய்க்காரியும்கூட. மாஸ்டர் முகலாயரை மட்டும் சொல்லி எழுதுவித்துவிட்டு மற்ற இரண்டு அரசுகளையும் நேரமில்லை என்று விட்டபோது, "மூண்டு வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு வீட்டை மட்டும் கூப்பிட்டமாதிரிக் கிடக்கு சேர்," என்று எழும்பி நின்று சொன்னவள். மாஸ்டரே சிரித்துவிட்டார்.

சொன்னதோடு நிற்கவில்லை. அவளுக்கு இஸ்லாமிய நாகரிகமும் ஒரு பாடம். அந்தப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துத் தானே ஒரு நோட்ஸ் எழுதினாள். ஓரங்களில் பென்சிலால் தன் பகிடிகளையும் எழுதுவாள். இஸ்மாயில் அரசனான இடத்தில், 'எங்களைவிடச் சின்னவன். எங்களுக்கு இன்னும் சைக்கிள் ரியூப்புக்கே வழியில்லை' என்றிருக்கும்.

சண்டை மறுபடியும் தொடங்கிய வருடம் அது. மின்சாரம் நின்றுவிட்டது. படப்பிரதி எடுக்க வழியில்லை. கடையில் கொப்பி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. இருந்து பார்த்தெழுத என்னிடம் தாளும் இல்லை. நஸீரா ஒரு பிளேட்டை எடுத்தாள். கொப்பியின் தையல் நூலை வெட்டி இரண்டாகப் பிரித்தாள். முன்பாதி, மட்டையும் அதில் அவள் பெயருமாக, அவளிடம். பதினைந்தாம் பக்கத்திலிருந்து, அரசுகளின் எழுச்சி தொடங்கும் பின்பாதி என்னிடம்.

"வாற புதன்கிழமை மாத்துவம்," என்றாள்.

"பாதியிலையிருந்து படிச்சால் என்னெண்டு விளங்கும்?"

"நீ எப்ப விளங்கிப் படிச்சனீ?"

அந்தப் புதன்கிழமைக்கு முதல்நாள் காலை ஒலிபெருக்கி கட்டிய வாகனம் போனது. முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று, ஆயுதத்தோடு ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் சொல்லிவிட்டது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். கையில் கொண்டுபோகக்கூடியதும் கொஞ்சம்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அம்மா படலையைப் பூட்டினா. "ஒருத்தரும் வெளியிலை போகக்கூடாது," என்றா. ஒருவரும் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லாப் படலையும் பூட்டித்தான் கிடந்தது. சைக்கிளில் ஐந்து நிமிடம் என்று சொன்னேனே. நான் போகவில்லை.

அன்று மத்தியானம் எனக்கு முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? முன்பாதி. ஐயோ, சோதனைக்கு முன்பாதி இல்லையே என்று. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது.

நாலைந்து நாள் கழித்து அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவளைத் தேடி அல்ல. அவள் இல்லை என்பது தெரியும். கொப்பியைத் தேடித்தான் போனேன். கதவு பூட்டியிருந்தது. கதவில் வெண்கட்டியால் ஏதோ இலக்கம் எழுதியிருந்தார்கள். முற்றத்தில் ஒரு கோழி நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். புத்தளம் பக்கம் முகாமில் இருக்கிறார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

பின்பாதி என்னோடு கனடாவுக்கு வந்தது ஒன்றும் பெரிய காரணத்தால் அல்ல. சேர்ட்டிபிக்கேட்டுகள் மடியாமல் இருக்க அதற்குள் வைத்தோம். வழியில் தொலைந்தால் திரும்பி வரட்டும் என்று, பதினைந்தாம் பக்கத்தின் மேல்மூலையில் என் பெயரை எழுதினேன்.

மறுபடியும் அந்த மேசை

மிஸ்டர் ஸாபோ கோபத்தைக் காட்டவில்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறீர்கள், மூவருக்கும் பூச்சியம், கிரெடிட் கிடையாது, அலுவலகத்துக்கும் எழுதப்போகிறேன் என்று அமைதியாகச் சொன்னார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பதினாறு மாதக் காலுறை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. "நாங்கள் பார்த்து எழுதவில்லை. பாடமாக்கினோம்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எதை?"

"எல்லாவற்றையும்."

நம்பவில்லை. அப்படியே நின்றபடி முதல் வசனத்திலிருந்து தொடங்கினேன். கொன்ஸ்தாந்திநோப்பிளைப் பிடிக்கப் படை புறப்பட்ட இடத்தில் அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, நேசன் அண்ணையைப் பார்த்தார். அண்ணை விட்ட இடத்தில் பிடித்தார். அறுபது மாடு வந்தபோது குரலில் ஒரு தெம்பு. பாபர் ஆற்றைக் கடந்ததும் யோகாக்காவின் முறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுவதுபோல் ஒப்புவித்தார்.

மிஸ்டர் ஸாபோ கதிரையில் சாய்ந்தார். "முப்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை," என்றார். பிறகு, "மூலத்தை எனக்குக் காட்டு," என்றார்.

அடுத்தநாள் கொப்பியைக் கொண்டுபோனேன். அதற்கு மண்ணெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. தமிழ் எழுத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். மேல்மூலையில் ஆங்கிலத்தில் இருந்த என் பெயரை வாசித்தார்.

"உன்னுடையதா?"

"ஓம்."

"நீயே எழுதியதா?"

அச்சடித்த புத்தகம் ஒன்றிலிருந்து திருடியிருக்கிறோமா என்பதுதான் அவருடைய கேள்வி. அது எனக்கு விளங்கியது. "ஓம்," என்றேன்.

"முதல் பதினாலு பக்கங்கள் எங்கே?"

"சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தொலைந்துவிட்டது," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஹங்கேரியிலிருந்து பிள்ளை வயதில் தாயோடு எல்லையைக் கடந்து வந்தவராம். படங்கள் ஒட்டிய பெரிய புத்தகம் ஒன்றைத் தாய் ஒரு வயலில் போட்டுவிட்டு வந்தாராம். பாரம் தாங்காமல். "சாகும்வரை அதைப் பற்றித்தான் கதைத்தார்," என்றார். அவருடைய ஊரில் துருக்கியர் கட்டிய மசூதி இப்போது தேவாலயமாக இருக்கிறதாம். கூரையின் உச்சியில் பிறையும் இருக்கும், சிலுவையும் இருக்கும். பாபர் பானிபட்டில் வென்ற அதே ஆண்டில்தான் துருக்கியர் ஹங்கேரியரைத் தோற்கடித்தார்களாம். ஓடிய அரசர் ஓடையில் விழுந்து மூழ்கிப்போனாராம்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தன்னைப்போல ஒருத்தி என்று பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அவர் துக்கம் என்றுதான் எடுத்திருப்பார்.

"சொந்தக் குறிப்பு என்றால் அது களவு இல்லை. ஆனால் எனக்கு உங்களுடைய மண்டை வேண்டும், கசெற் வேண்டாம்," என்றார். மூவருக்கும் புதிதாக ஒரு கேள்வி தந்தார். பேரரசு பரவியபோது அந்த இடத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒரு மணித்தியாலம். சொந்த வசனத்தில்.

சிவப்பு மை

மூவரும் சித்தியடைந்தோம். யோகாக்காதான் கூடிய புள்ளி. "நான் என்ரை ஊருக்கு ஆமி வந்த கதையை எழுதினன். ஆமியெண்ட இடத்திலை துருக்கியெண்டு போட்டன், அவ்வளவுதான்," என்று காருக்குள் ஏறியதும் சொன்னார். நேசன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. முக்கால் மணித்தியாலம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் கப்பத்தையும் வரியையும் எழுதி, கடைசியில் பாடமாக்கின வசனத்தையே எழுதினேன். பதினாலாம் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். 'பிற மதத்தவர் தங்கள் வீடுகளில் தொடர்ந்து வாழ அனுமதிக்கப்பட்டனர்.' அதன் ஓரத்தில் மிஸ்டர் ஸாபோ சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'நல்ல வசனம். ஆதாரம்?'

கார் இன்னும் வெளிக்கிடவில்லை. கண்ணாடியில் பனி உருகும்வரை காத்திருந்தோம். நான் தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை யோகாக்கா கண்டுவிட்டார்.

"என்னடி, பாசாகியும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்? கொப்பி துலைஞ்ச கவலையோ? நீங்கள் எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"நாங்கள் வெளிக்கிடேல்லை, யோகாக்கா."

"பேந்து?"

"அது என்ரை கொப்பியில்லை. ஒரு சோனகப் பிள்ளையின்ரை. அவையைத்தான் போகச் சொன்னது. நாங்கள் வீட்டுக்குள்ளை இருந்தனாங்கள்."

கண்ணாடிக்குக் காற்றடிக்கும் விசிறி மட்டும் இரைந்தது. நான் கதவைத் திறந்தேன். "போய்ச் சொல்லிப்போட்டு வாறன்," என்றேன்.

யோகாக்கா என் கையை எட்டிப் பிடித்தார். "விசரே உனக்கு? அந்த மனிசன் உன்ரை சொந்தக் கொப்பியெண்டுதானே விட்டது. இப்ப போய் இல்லையெண்டால் உன்ரை கிரெடிட் மட்டுமில்லை, எங்கடை ரெண்டு பேற்றையும் சேர்த்து வெட்டும். எனக்கு ரெண்டு பிள்ளையள், வதனி."

நேசன் அண்ணை திரும்பாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பிள்ளை இப்ப எங்கை?"

"தெரியாது அண்ணை."

"தேடிப் பாத்தனியோ?"

"இல்லை."

குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்து என்றார் அண்ணை. சாத்தினேன்.

கிரெடிட் தாள் மாதம் முடிவதற்கு மூன்று நாள் இருக்கக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. யோகாக்கா தாதி உதவியாளரானார். பிற்பாடு ஸ்ரௌவ்வில்லில் வீடும் வாங்கினார். நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற புத்தகங்களுக்கு அட்டவணை எழுதுவது என் வேலை. ஆசிரியர் பெயர் மாறியிருந்தால் நான் விடமாட்டேன். திருத்தும்வரை புத்தகம் தட்டுக்குப் போகாது. "உங்களோடு பெரிய கரைச்சல்," என்று கூட வேலைசெய்கிறவர்கள் சொல்வார்கள்.

இதை எழுதுவதற்காகக் கொப்பியை இந்த வாரம் வெளியே எடுத்தேன். என் பெயர் பதினைந்தாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. நல்ல பேனை. மங்கவில்லை. நஸீராவின் பென்சில் எழுத்துத்தான் மங்கிவிட்டது; சைக்கிள் ரியூப் இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

மிஸ்டர் ஸாபோ இப்போது உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. அவர் ஓரத்தில் கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி எழுதவேயில்லை. இப்போது எழுதுகிறேன். ஆதாரம்: நஸீராவின் கொப்பி, பதினாலாம் பக்கம். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.